வெளிநாட்டில் புது ஆசிரியர் வேலை, கையில் கேமரா: எதை எடுத்துப் போவது, எங்கே படம் எடுப்பது?

3 ஆகஸ்ட், காலை 7:10 (கேள்வி)

அடுத்த மாதம் வெளிநாட்டுப் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியராகச் சேர்கிறேன். ஆசிரியர் வேலைக்கே புதிது, வெளிநாட்டுக்கும் புதிது. ஊர் நல்ல வடக்கே, குளிர் நாடு. பாடி இரண்டு, லென்ஸ் நாலு, ஃபிளாஷ், ட்ரைபாட், ஒரு சின்ன ட்ரோன் எல்லாமே கொண்டுபோவதாக எண்ணம். மொழி தெரியாத இடத்தில் பிள்ளைகளோடு பழக கேமராதான் நல்ல வழி என்று நினைக்கிறேன். முதல் வாரமே எல்லாரையும் படம் எடுத்து, பிரிண்ட் போட்டு வகுப்புச் சுவரில் ஒட்டினால் பெயரும் மனதில் நிற்கும், நெருக்கமும் வரும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

3 ஆகஸ்ட், மாலை 6:25

கடைசியில் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். வேண்டாம். முதல் வாரம் மட்டுமல்ல, முதல் பருவம் முழுக்க மாணவர் முகத்தின் பக்கம் உங்கள் கேமரா திரும்பக் கூடாது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே 25 முதல் நடப்பில் இருக்கும் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஆள் அடையாளம் தெரியும் படம் தனிநபர் தரவு. எடுப்பது, சேமித்து வைப்பது, சுவரில் ஒட்டுவது எல்லாவற்றுக்கும் பள்ளி காரணம் காட்ட வேண்டியிருக்கும். ஜெர்மனியில் ஒருவர் படத்தை அவர் சம்மதமில்லாமல் பரப்பக் கூடாது என்று 1907-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். ஹங்கேரி இன்னும் கண்டிப்பு: 2014-இல் வந்த உரிமையியல் சட்டப்படி வெளியிட மட்டுமல்ல, எடுக்கவே சம்மதம் வேண்டும். நீங்கள் போகும் நாட்டின் சட்டம் எதுவானாலும், பள்ளியின் சொந்த விதி அதைவிட இறுக்கமாகத்தான் இருக்கும். ஆசிரியர் தன் சொந்த ஃபோனிலோ கேமராவிலோ மாணவரைப் படம் எடுக்கவே கூடாது என்று பணி ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும் பள்ளிகள் ஏராளம்.

சேர்ந்த அன்றே அலுவலகத்தில் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள்: படம் எடுப்பது பள்ளிக் கருவியில் மட்டும்தானா? எந்தப் பிள்ளைக்குப் பெற்றோர் சம்மதம் இல்லை என்ற பட்டியல் யாரிடம் இருக்கிறது? எடுத்த படம் எங்கே இருக்க வேண்டும், எப்போது அழிக்க வேண்டும்? கொடுத்த சம்மதத்தைப் பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். சுவரில் ஒட்டிய கூட்டுப் படத்திலிருந்து ஒரு முகத்தை மட்டும் எப்படி எடுப்பீர்கள்? அதை யோசித்தாலே இந்தத் திட்டத்தைக் கைவிட்டுவிடுவீர்கள்.

3 ஆகஸ்ட், இரவு 9:50

பெயர் மனதில் நிற்க வழி சொல்லாமல் விட்டுவிட்டேன். ஏ4 தாளை நீளவாக்கில் மடித்தால் மேசையில் நிற்கும். பிள்ளைகளே கொட்டை எழுத்தில் பெயர் எழுதி முன்னால் வைக்கட்டும். வகுப்பு முடிந்ததும் தாள்களை வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த வகுப்பில் நீங்களே திருப்பிக் கொடுக்க வேண்டும், அதுதான் பயிற்சி. கூடவே இருக்கை வரைபடம் ஒன்று.

உச்சரிப்பைத் தமிழில் குறித்துக்கொள்வீர்கள். அங்கே ஒரு சிக்கல். க, ச, ட, த, ப ஐந்தும் நமக்கு ஆளுக்கு இரண்டு ஒலி. பெயரின் முதல் எழுத்தில் 'ப' என்று எழுதிவைத்தால், பம்பரத்தின் முதல் 'ப'வா இரண்டாவது 'ப'வா என்று மறுநாள் காலை உங்களுக்கே தெரியாது. கனத்த ஒலிக்கு அடிக்கோடு போடுங்கள். பெயரைத் தப்பாகச் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள், அது போகட்டும். மூன்றாவது வாரமும் அதே தப்பு என்றால் அந்தப் பிள்ளை கை தூக்குவதை நிறுத்திவிடும்.

4 ஆகஸ்ட், காலை 6:40

இனி பெட்டி. ஒரு பாடி, ஒரு லென்ஸ். ஃபுல் ஃபிரேம் என்ற பெரிய சென்சாரில் 35 மி.மீ., அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் என்றால் 23 மி.மீ. வீட்டு அறை, தெரு, பேருந்து, பனி எல்லாவற்றுக்கும் இது போதும். மற்ற மூன்று லென்ஸும் வீட்டிலேயே இருக்கட்டும். எது இல்லாமல் கை ஒடிந்ததுபோல் இருக்கிறது என்று நாலு மாதத்தில் தெரியும். முதல் விடுமுறைக்கு வரும்போது அதை மட்டும் எடுத்துப் போங்கள். வேலையில் சேரும் ஆசிரியருக்கு எடையில் முதல் உரிமை சான்றிதழ்களுக்கும் குளிர் உடைக்கும்தான்.

உதிரி பேட்டரி எதுவும் சரக்குப் பெட்டியில் போகக் கூடாது, கைப்பையில்தான். பேட்டரியின் வாட்-அவர் கணக்கு சுலபம்: மில்லி ஆம்பியர்-அவரை 1000-ஆல் வகுத்து வோல்ட்டால் பெருக்குங்கள். 7.2 வோல்ட், 2280 என்று போட்ட கேமரா பேட்டரி 16.4 வாட்-அவர். 100 வரை விமான நிறுவன அனுமதி வேண்டாம். 100 முதல் 160 வரை அனுமதி கேட்டு இரண்டு உதிரி கொண்டுபோகலாம். அதற்கு மேல் பயணிக்கு இடமில்லை. முனைகளில் பிளாஸ்டிக் மூடி மாட்டுங்கள், மூடி தொலைந்திருந்தால் டேப் ஒட்டுங்கள். சாவிக்கொத்தோடு ஒரே பையில் கிடந்தால் இரண்டு முனையும் இணைந்து சூடாகும். அதனால்தான் இந்த விதி.

ட்ரோனை விட்டுவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 டிசம்பர் 31 முதல், 250 கிராமுக்குக் குறைவானாலும் கேமரா இருந்தால் இயக்குபவர் பதிவு செய்ய வேண்டும். பொம்மை வகைக்கு மட்டும் விலக்கு. புது நாட்டில் முதல் மாதம் உங்களுக்கு வேறு பதிவுகள் நிறைய இருக்கின்றன.

4 ஆகஸ்ட், காலை 6:55

கேமரா, லென்ஸ் ஒவ்வொன்றின் தொடர் எண்ணையும் ஒரு தாளில் எழுதி, வாங்கிய ரசீதோடு வையுங்கள். கிளம்பும் விமான நிலையத்தில் சுங்க மேசையில் பொருளைக் காட்டி, 'இது இங்கிருந்து போகிறது' என்று சான்று வாங்க முடிந்தால் வாங்குங்கள். திரும்பும்போது புதிதாக வாங்கி வந்தது என்று தீர்வை கேட்டால் அதுதான் பேசும். பெட்டியைச் சரக்கில் போடுவதற்கு முன்னால் இதைச் செய்ய வேண்டும், பொருளைக் கண்ணால் பார்த்துத்தான் முத்திரை வைப்பார்கள்.

6 ஆகஸ்ட், இரவு 8:15 (கேட்டவர்)

சுவரில் ஒட்டும் யோசனையை விட்டுவிட்டேன். ஆனாலும் ஒரே லென்ஸ் என்பது கஷ்டமாக இருக்கிறது. இரண்டு கேள்வி: சார்ஜருக்கு வோல்டேஜ் மாற்றி வாங்கணுமா? சான்றிதழ்களில் அப்போஸ்டில் முத்திரை கேட்கிறார்கள், அது என்ன கதை?

6 ஆகஸ்ட், இரவு 10:30

சார்ஜரின் பின்பக்கம் பொடி எழுத்தில் 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் மாற்றி வேண்டாம், பிளக் அடாப்டர் போதும். கேமரா, லேப்டாப் சார்ஜர்கள் பெரும்பாலும் இப்படித்தான். முடி உலர்த்தி, இஸ்திரிப் பெட்டி போன்ற சூடேற்றும் சாமான்கள்தான் இதில் சிக்கும். அவற்றை அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

மின்சாரத்தில் படக்காரருக்கு முக்கியம் வோல்ட் அல்ல, ஹெர்ட்ஸ். 50 ஹெர்ட்ஸ் ஊரில் விளக்கு விநாடிக்கு 100 முறை துடிக்கும், 60 ஹெர்ட்ஸ் ஊரில் 120 முறை. அதோடு ஷட்டர் வேகம் ஒத்துப்போகாவிட்டால் வகுப்பறை வீடியோவில் கருப்புப் பட்டைகள் ஓடும். 50-க்கு 1/50 அல்லது 1/100 விநாடி வையுங்கள், 60-க்கு 1/60 அல்லது 1/125. வீடியோவுக்கு 25 ஃபிரேமா 30 ஃபிரேமா என்பதையும் அதற்கேற்ப மாற்றுங்கள். ஜப்பானில் ஒரே நாட்டுக்குள் கிழக்கே 50, மேற்கே 60.

அப்போஸ்டில் பற்றி நாளை.

7 ஆகஸ்ட், காலை 7:05

1961-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்குள் ஒரே ஒரு முத்திரை போதும், தூதரகம் தூதரகமாக ஏற வேண்டாம். அதுதான் அப்போஸ்டில். சேராத நாடு என்றால் பழைய முறைதான்: உள்நாட்டுச் சான்று, வெளியுறவு அமைச்சக முத்திரை, பிறகு அந்த நாட்டுத் தூதரக முத்திரை. பழைய குறிப்புகளை நம்பாதீர்கள். சீனாவில் 2023 நவம்பரிலிருந்தும் கனடாவில் 2024 ஜனவரியிலிருந்தும்தான் இது நடப்புக்கு வந்தது. அதற்கு முன் எழுதியதெல்லாம் இன்று தவறான வழிகாட்டி.

இரண்டு நாடும் உடன்படிக்கையில் இருந்தாலே போதும் என்றும் நினைத்துவிடாதீர்கள். ஒரு நாடு சேரும்போது ஏற்கெனவே இருக்கும் நாடு ஆட்சேபம் தெரிவித்திருந்தால், அந்த இரண்டுக்கும் இடையில் மட்டும் உடன்படிக்கை செல்லாது. ஹேக் மாநாட்டின் இணையப் பக்கத்தில் நாடு வாரியான அட்டவணை இருக்கிறது. உங்கள் நாட்டையும் போகும் நாட்டையும் சேர்த்துப் பாருங்கள்.

பட்டம், ஆசிரியர் பயிற்சிச் சான்று, காவல்துறை நன்னடத்தைச் சான்று மூன்றுக்கும் பொதுவாகக் கேட்பார்கள். நன்னடத்தைச் சான்றை மட்டும் கடைசியில் எடுங்கள். பல இடங்களில் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு மேல் பழையதை ஏற்பதில்லை. மொழிபெயர்ப்புக்கு முன் முத்திரையா, பின் முத்திரையா என்று பள்ளியிடமே கேளுங்கள். வரிசை மாறினால் இரண்டையும் மறுபடி செய்ய வேண்டிவரும்.

7 ஆகஸ்ட், பகல் 1:20

நேற்றைய ஹெர்ட்ஸ் குறிப்பில் ஒரு திருத்தம். அது ட்யூப்லைட்டுக்குச் சரி. எல்இடி விளக்குகளில் சில, வெளிச்சத்தைக் குறைக்கும்போது விநாடிக்கு நூற்றுக்கணக்கிலோ ஆயிரக்கணக்கிலோ துடிக்கும். அங்கே 1/100 வைத்தும் பட்டை வரலாம், கேமராவின் சாதாரண ஃபிளிக்கர் தடுப்பும் உதவாது, அது 100, 120 இரண்டை மட்டும்தான் தேடும். எலக்ட்ரானிக் ஷட்டரை அணைத்து மெக்கானிக்கலுக்கு மாறுங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகும். புரொஜெக்டர் திரையைப் படம் எடுக்கும்போது சிவப்பு, பச்சை, நீலப் பட்டைகள் வந்தால் அது சுழலும் வண்ணச் சக்கரத்தின் வேலை. ஷட்டரை 1/60-ஐவிட மெதுவாக்கிவிடுங்கள்.

29 ஆகஸ்ட், இரவு 11:10 (கேட்டவர்)

வந்து சேர்ந்தேன். வகுப்பறை கிடைத்துவிட்டது. ஆளில்லாத வகுப்பறையைப் படம் எடுத்துப் போடலாம்தானே? முகம் இல்லை.

30 ஆகஸ்ட், காலை 6:20

போடுவதற்கு முன் படத்தை நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கி, ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு வரிவரியாகப் பாருங்கள். பின்சுவரில் ஒவ்வாமை உள்ள பிள்ளைகளின் பட்டியல் ஒட்டியிருக்கும். அலமாரிக் கொக்கிகளுக்கு மேல் சின்னச் சின்னப் பெயர் ஸ்டிக்கர். கரும்பலகை ஓரத்தில் அன்று வராதவர் பெயர். மேசையில் விரித்த வருகைப் பதிவேடு, அதன்மேல் உங்கள் அடையாள அட்டை, அதில் பள்ளி முத்திரையும் பார்கோடும். ஜன்னல் கண்ணாடியில் எதிர்க் கட்டடம் பிரதிபலிக்கும், அதன் பெயர்ப் பலகையும் சேர்ந்து. கணினித் திரையில் மஞ்சள் சீட்டில் எழுதிய பாஸ்வேர்டு. ஐம்பது மெகாபிக்சலில் இவ்வளவும் படிக்க முடியும்.

அத்தனையும் எடுத்துவிட்டு, பள்ளியிடம் கேட்டுவிட்டு, ஜிபிஎஸ் தகவலையும் நீக்கிவிட்டுப் போடுங்கள். ஃபோனில் இடக்குறிப்பை அணைத்தால் போதாது. கேமராவை ஃபோன் செயலியோடு இணைத்திருந்தால் அதுவும் இடத்தை எழுதிவிடும்.

கேமரா கடிகாரத்தையும் இன்றே மாற்றுங்கள், கோடை நேர மாற்றத்துக்குத் தனி அமைப்பு உண்டு.

12 செப்டம்பர், இரவு 9:00

கேட்டவர் தனிச்செய்தியில் கேட்டதை எல்லாருக்கும் பொதுவாகச் சொல்கிறேன். விடைத்தாள் திருத்தும் குறிகள் நாட்டுக்கு நாடு வேறு. ஜப்பானில் வட்டம் போட்டால் சரி, டிக் போட்டால் தவறு. பின்லாந்திலும் டிக் தவறைக் குறிக்கும். சரியான விடை எழுதிய பிள்ளை உங்கள் டிக்கைப் பார்த்து முகம் வாடினால் காரணம் இதுதான். ஜெர்மனியில் 1 உச்சம், 6 கடைசி. பிரான்சில் 20-க்கு மதிப்பெண். பல ஐரோப்பிய நாடுகளில் 3.5 என்பதை 3,5 என்று எழுதுவார்கள். அறிவியல் ஆசிரியருக்கு இது முதல் நாளே வேண்டும். மூத்த ஆசிரியர் ஒருவர் திருத்திய பழைய தாள் கட்டு ஒன்றை வாங்கி ஒரு மாலை முழுக்கப் பாருங்கள். எந்தப் பயிற்சி வகுப்பும் இதற்கு ஈடில்லை.

இன்னொன்று. சக ஆசிரியர் கல்யாணத்துக்குப் படம் எடுத்துக் காசு வாங்குவது, இணையத்தில் படம் விற்பது இரண்டும் வருமானம். பணி விசா பெரும்பாலும் ஒரு முதலாளிக்கும் ஒரு வேலைக்கும்தான். எழுத்தில் அனுமதி வாங்காமல் ஒரு படம்கூட விற்காதீர்கள், விசா போனால் வேலையும் சேர்ந்து போகும்.

3 நவம்பர், காலை 7:30

குளிர் வந்திருக்கும். வெளியே படம் எடுத்துவிட்டு கேமராவோடு நேரே வீட்டுக்குள் நுழையாதீர்கள். கதகதப்பான காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த கண்ணாடியிலும், உள்ளே சர்க்யூட் பலகையிலும் படியும். வெளியே இருக்கும்போதே மெமரி கார்டை எடுத்துக்கொண்டு, கேமராவை ஜிப் கவரில் போட்டுக் காற்றைப் பிதுக்கி மூடுங்கள். ஈரம் கவரின் வெளிப்பக்கம் படியட்டும். ஒன்று முதல் இரண்டு மணி நேரம் திறக்க வேண்டாம். கார்டை முதலில் எடுக்கச் சொன்னதே, படத்தைப் பார்க்கும் ஆசையில் கவரைத் திறந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

பேட்டரி இரண்டை உள்சட்டைப் பையில் உடம்பை ஒட்டி வையுங்கள். குளிரில் 'தீர்ந்தது' என்று காட்டியதைத் தூக்கிப்போடாதீர்கள், சூடேறினால் மிச்சத்தைக் கொடுக்கும். பனியைக் கேமரா சாம்பல் நிறமாகத்தான் அளக்கும். எக்ஸ்போஷரை ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு) கூட்டினால் வெள்ளை வெள்ளையாக வரும்.

5 நவம்பர், இரவு 8:45

வெப்பமும் ஈரமும் உள்ள நாட்டுக்குப் போகிறவர் ஒருவர் கேட்டார், அங்கே எதிர்ப்பக்கம். ஏசி அறையிலிருந்து வெளியே வந்தால் லென்ஸ் மூடுபனியாகும், பையோடு 20–30 நிமிடம் விடுங்கள். பெரிய எதிரி பூஞ்சை. காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் லென்ஸுக்குள் சிலந்தி வலைபோல் பிடிக்கும், கோட்டிங்கை அரித்த பிறகு துடைத்தாலும் தடம் போகாது. இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா, உள்ளே ஈரப்பதமானி, சிலிக்கா ஜெல், 40 முதல் 50 சதவீதம். ஆரஞ்சு ஜெல் பச்சையானால் 110–120 டிகிரியில் இரண்டு மணி நேரம் சூடாக்கினால் திரும்ப வேலை செய்யும். தோல் உறைகளை டப்பாவுக்குள் போடாதீர்கள், அவை ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். துணி அலமாரிதான் லென்ஸுக்கு மிக மோசமான இடம்.

24 நவம்பர், இரவு 10:20 (கேட்டவர்)

இருட்டில் போகிறேன், இருட்டில் வருகிறேன். இரண்டு வாரமாகக் கேமராவைத் தொடவில்லை. வகுப்பு நன்றாகப் போகிறது, ஆனால் எதற்காக இதைத் தூக்கிவந்தேன் என்று தோன்றுகிறது.

25 நவம்பர், காலை 6:50

இது உங்கள் குறையல்ல, அட்சரேகை. 60 டிகிரி வடக்கே டிசம்பர் 21 அன்று பகல் ஆறு மணி நேரம்கூட இல்லை. அந்த ஆறும் உங்கள் பள்ளி நேரத்துக்குள் அடங்கிவிடும். நண்பகலில் சூரியன் அடிவானத்திலிருந்து ஆறரை டிகிரிதான் ஏறும். கம்பத்தின் நிழல் கம்பத்தைப்போல் ஒன்பது மடங்கு நீளும். வெயில் இருந்தால், வேறு ஊர்களில் மாலையில் அரை மணி நேரம் கிடைக்கும் சாய்ந்த வெளிச்சம் அங்கே பகல் முழுக்க இருக்கிறது.

சனி, ஞாயிறில் ஒரு நாள் காலை பத்து முதல் இரண்டு வரை வெளியே போங்கள், மேகம் என்றாலும். விடைத்தாளை அன்று இரவு திருத்துங்கள். வாரநாளில் அந்தி உங்களுக்குத்தான்: நிலநடுக்கோட்டில் இருபது நிமிடத்தில் முடியும் அந்தி வெளிச்சம் அங்கே ஒரு மணி நேரத்துக்கு அருகில் நீளும். வகுப்பு சீக்கிரம் முடியும் ஒரு நாளைக் குறித்துவைத்து, நேரே வீட்டுக்குப் போகாமல் அந்த நீலத்தில் நில்லுங்கள். கேமரா அமைப்பு: ஐஎஸ்ஓ 3200, எஃப் 2, 1/60 விநாடி. முதலில் சொன்ன ஒரே லென்ஸ் இதற்குத்தான், அங்கியின் பையிலேயே அடங்கும்.

25 நவம்பர், மாலை 7:15

காலையில் எழுதிய பிறகு யோசித்தேன். ஆகஸ்டில் கேமராவை வகுப்பிலிருந்து தள்ளிவைக்கச் சொன்னேன், மாற்று எதுவும் சொல்லவில்லை. நீங்கள் அறிவியல் ஆசிரியர். சயனோடைப் செய்யுங்கள், ரசாயனம் தடவிய தாளில் வெளிச்சத்தால் நீலப் படம் பதிக்கும் முறை. கேமரா வேண்டாம், முகமும் வேண்டாம். 1842-இல் ஆங்கிலேய விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் கண்டது. அடுத்த ஆண்டே தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளை இந்த முறையில் பதித்து வெளியிடத் தொடங்கினார்.

100 மி.லி. நீரில் 25 கிராம் ஃபெரிக் அமோனியம் சிட்ரேட், பச்சை வகை. இன்னொரு 100 மி.லி. நீரில் 10 கிராம் பொட்டாசியம் ஃபெரிசயனைடு. தனித்தனிப் பழுப்பு பாட்டில். வகுப்பன்று மட்டும் சமமாகக் கலக்கவும். ஏ5 தாளுக்கு 2 மி.லி. போதும், முப்பது பிள்ளைகளுக்கு 30 + 30. மங்கிய மஞ்சள் விளக்கில் தூரிகையால் குறுக்கும் நெடுக்கும் தடவி, இருட்டில் நன்றாகக் காயவிட்டு, மேலே இலையை வைத்துக் கண்ணாடியால் அழுத்தி வெயிலில் 10 முதல் 20 நிமிடம். மஞ்சள்பச்சை முதலில் நீலமாகி, பிறகு வெண்கலச் சாம்பலாக மாறும்போது எடுத்து, வெள்ளைப் பகுதியில் மஞ்சள் போகும்வரை நீரில் அலசவும். ஐந்து முதல் பத்து நிமிடம்.

அலசும்போது படமே கரைந்து ஓடினால் வெயில் போதவில்லை. நாளாக ஆக நீலம் வெளுத்தால் தாள் காரத்தன்மை உள்ளது, நீர்வண்ணத் தாளில் காரம் சேர்க்காத வகை வாங்குங்கள். பெயரில் சயனைடு இருப்பதால் பெற்றோர் பதறக்கூடும். அது இரும்போடு இறுகப் பிணைந்தது. வலுவான அமிலத்தோடு சேர்க்கக் கூடாது, சூடாக்கக் கூடாது, கையுறை வேண்டும். இதை ஆய்வகப் பொறுப்பாளரிடம் எழுத்தில் காட்டி ஒப்புதல் வாங்குங்கள்.

26 நவம்பர், காலை 6:30

திருத்தம். நேற்று வெயிலில் பத்து நிமிடம் என்றேன். ஆறரை டிகிரி சூரியனில் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய இல்லை, ஒரு மணி நேரம் வைத்தாலும் வெளுத்த நீலம்தான் வரும். குளிர்காலத்துக்கு 365 முதல் 395 நானோமீட்டர் எல்இடி விளக்கு வேண்டும், பிள்ளைகள் அதை நேரே பார்க்காதபடி அட்டைப் பெட்டிக்குள் பொருத்துங்கள். எத்தனை நிமிடம் என்பதை ஒரே தாளில் அட்டையை நகர்த்தி நகர்த்தி 2, 4, 8, 16 என்று பதித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சோதனைத் தாளையே முதல் பாடமாக வைக்கலாம்.

9 டிசம்பர், இரவு 9:35 (கேட்டவர்)

எட்டு நிமிடம் சரியாக வந்தது. இருபத்தாறு தாள். கையுறை, சாவி, பனியில் கிடந்த பைன் கிளை என்று ஆளுக்கொன்று வைத்தார்கள். பெயரை அவரவர் தாளின் பின்பக்கம் எழுதவைத்தேன். சுவரில் ஒட்ட பள்ளி சரி சொல்லிவிட்டது. இரண்டு தாளில் தூரிகைக் கோடு விழுந்திருக்கிறது, ஏன்?

9 டிசம்பர், இரவு 10:05

முதல் பூச்சு பாதி காய்ந்த பிறகு மறுபடி தூரிகை பட்டிருக்கும். முப்பது விநாடிக்குள் முடித்துவிடச் சொல்லுங்கள். உலோகப் பிடி போட்ட தூரிகையா என்றும் பாருங்கள், இரும்பு பட்டால் நீலப் புள்ளி விழும். பஞ்சுத் தூரிகை போதும்.